நிழலின் மரம்: ஊவாச் சரிவில் கொக்கோவும் அதன் உறவினங்களும்

இலங்கையின் மத்திய மலைநாடு தென்கிழக்கே தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் இடத்தில், பெரகலைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவே, கொஸ்லந்த அமைந்துள்ளது. அதற்கு மேலே அப்புத்தளை, பூனாகலைப் பகுதிகளின் தேயிலை மலைகள் எழுகின்றன. கீழே மொனராகலை மாவட்டத்தின் உலர்ந்த காடுகளும் சேனை நிலங்களும் விரிகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான சரிவின் செங்குத்தை, 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி கண்முன் காட்டுகிறது. கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் ஊவாவின் இந்தச் சரிவுகளைத் தொட்ட பணப்பயிர்களுள் மூன்று, மனிதரின் சோர்வை நீக்கும் பொருளுக்காகவே விரும்பப்பட்டவை: கோப்பி, தேயிலை, கொக்கோ. முதலாவது அழிந்தது; இரண்டாவது மலையையே தனதாக்கிக்கொண்டது; மூன்றாவது பெருந்தோட்டமாகவும் வளராமல், முற்றாக மறையவும் செய்யாமல், பலாவுக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் அடியில் ஒதுங்கி வாழ்ந்து வருகிறது. சந்தை விலையும் நோய்களும் இதற்கு ஓரளவு காரணமாயினும், அம்மரத்தின் உடலமைப்பிலும் அது தோன்றிய காட்டிலும் அதனினும் ஆழமான காரணம் உண்டு. கொக்கோவை விளங்கிக்கொள்ள அதன் உறவு மரங்களிலிருந்து தொடங்குவதே நேரிய வழியாகும்.

குடும்பமும் பெயர்களும்

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு 1753இல் கொக்கோ மரத்துக்குத் தியோபுரோமா ககாவோ என்று பெயரிட்டார். முதற்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ‘தெய்வங்களின் உணவு’ என்பது பொருள். இரண்டாவது சொல் மெசோ அமெரிக்க மக்களின் வழக்கிலிருந்து வந்தது. தியோபுரோமா என்னும் பேரினத்தில், அதாவது ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த நெருங்கிய இனங்களின் தொகுதியில், ஏறத்தாழ 22 இனங்கள் உள்ளன. அவை அனைத்தும் அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியவை. பிரேசிலில் சதைக்காக விரும்பி உண்ணப்படும் குப்புவாசு அவற்றுள் ஒன்று. ஹெரானியா என்னும் சிறு பேரினம் இவற்றின் மிக நெருங்கிய உறவு.

நெடுங்காலமாகக் கொக்கோ, ஸ்டெர்க்கூலியேசி என்ற குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. அக்குடும்பத்துக்குப் பெயர் தந்த ஸ்டெர்க்கூலியா மரங்களுள் ஒன்றன் பூக்கள் மலநாற்றம் வீசுவதால், உரோமர்களின் எருத் தெய்வத்தின் பெயரை லின்னேயசு அதற்குச் சூட்டினார். அதே மரத்தைத் தமிழர் பீநாறி என்று அழைத்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு மரபுகள் ஒரே மூக்கின் சாட்சியத்தைக் கொண்டு ஒரே பெயரிடலுக்கு வந்துள்ளன. தெய்வ உணவும் எருத் தெய்வமும் இவ்வாறு ஒரே வீட்டில் நெடுநாள் குடியிருந்தன.

1990களில் மரபணுத் தொடர்களை ஒப்பிடும் முறை வளர்ந்தபோது, ஸ்டெர்க்கூலியேசியும், இலவ மரங்களின் குடும்பமும், சணலின் குடும்பமும் தனித்தனிக் குடும்பங்களாக நிற்கத் தகுந்தவையல்ல என்பது தெளிவாயிற்று. 1998இல் வெளியான பூக்குந்தாவர வகைப்பாடு இவை அனைத்தையும் பருத்தியும் செம்பருத்தியும் அடங்கிய மால்வேசி என்ற பெருங்குடும்பத்துள் சேர்த்தது. அதன்படி வெண்டி, பூவரசு, பருத்தி, இலவு, தூரியன், மன்னாரில் நிற்கும் பெருக்கமரம் ஆகிய யாவும் கொக்கோவின் உறவினங்களே.

இந்த உறவைச் சமையலறையிலேயே காணலாம். வெண்டிக்காயைக் குறுக்காக வெட்டினால் ஐந்து அறைகள் விண்மீன்போலத் தெரியும். கொக்கோக் காயின் சூலகத்திலும் அதே ஐந்து அறைகள் உண்டு, காய் முற்றும்போது இடைச்சுவர்கள் கரைந்து விதைகள் ஒரே குழியில் நிற்கின்றன. வெண்டியின் வழுவழுப்பும், செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்க்கும்போது வரும் பசையும், கொக்கோப் பட்டையை நனைத்தால் ஊறும் சளியும் ஒரே வகைப் பொருளால் ஆனவை. பட்டையில் உறுதியான நார் இருப்பதும் இக்குடும்பத்தின் பரவலான இயல்பாகும்.

சரிவின் இரு பக்கத்து உறவினர்

கொஸ்லந்தவின் அமைவிடம் இக்குடும்பத்தின் இரு முகங்களையும் அருகருகே காட்டுகிறது. கீழ்ப்புறத்து உலர்காடுகளில் வளரும் விண்ணாங்கு, முறுக்கிய கயிறுபோன்ற காய்களால் வலம்புரி எனப் பெயர்பெற்ற குறுமரம், சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் உயர்ந்த மரம் ஆகியவை வறட்சியைத் தாங்கப் பழகியவை. ஹல்மில்ல திருகோணமலை மரம் என்ற வணிகப் பெயரோடு கடல் கடந்து, சென்னைக் கரையின் மசூலாப் படகுகளைக் கட்டவும் பயன்பட்டது. மலைமுகட்டுக்கு மேற்கே சப்ரகமுவவின் ஈரக்காடுகளில், இலங்கைக்கே உரிய கட்டபொட என்னும் மரம் முட்கள் அடர்ந்த காய்களோடு நிற்கிறது. தூரியனின் நெருங்கிய உறவான இதன் இன்னோர் இனம், மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடிப்பலா என்ற பெயரோடு வளர்ந்து, சிங்கவால் குரங்குகளுக்கு முக்கிய உணவாகிறது. அதன் பூக்கள் இளந்தளிரின் நுனியில் தோன்றாமல் முற்றிய கிளைகளின் மேலேயே கொத்தாக வெடிக்கின்றன. கொக்கோவும் அவ்வாறே அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் பூக்கிறது.

எனினும் மரபுவழியில் கொக்கோவுக்கு இன்னும் அண்மையில் நிற்கும் இலங்கைத் தாவரங்கள் மரங்களே அல்ல. வயலோரத்தில் முளைக்கும் பிண்ணாக்குக் கீரையும், வெளியிடங்களில் மஞ்சள் பூவோடு படரும் செம்பூடும், கொக்கோ அடங்கிய அதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த களைகள். ஒரு குடும்பத்தின் ஒரே கிளையில் தோன்றிய பிள்ளைகளுள் ஒன்று காட்டின் அடியிருளில் மரமாகவும், மற்றவை வெயிலில் காயும் தரையில் பூண்டாகவும் வாழக் கற்றன. கொக்கோ இனம் தன் நெருங்கிய உறவுகளிலிருந்து பிரிந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று மரபணு ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அந்த நெடிய காலத்தில் மேல் அமேசனின் ஈரக்காட்டு நிழலே அதன் உடலை வடித்தது.

விதையில் இந்த வேறுபாடு கூர்மையாகப் புலப்படும். பருத்தி, வெண்டி, பெருக்கமரம் ஆகியவற்றின் விதைகளை உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைத்துப் பின்னர் முளைக்கச் செய்யலாம். கொக்கோவின் விதையும் தூரியனின் விதையும் உலர்ந்தால் இறந்துவிடும். ஆண்டு முழுதும் ஈரம் குறையாத காட்டில் விதை காத்திருக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ‘இலவு காத்த கிளி’ என்ற தமிழ்ப் பழமொழி, கனியென்று நம்பிய காய் பஞ்சாக வெடித்துக் காற்றில் பறப்பதைக் கண்டு ஏமாந்த பறவையைப் பற்றியது. கொக்கோ அதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்த மரம். அதன் காய் தானாக வெடிப்பதில்லை, விதையைக் காற்றுக்கு விடுவதும் இல்லை. குரங்கும் அணிலும் ஓட்டைக் கடித்துத் திறந்து, இனிப்பும் புளிப்பும் கலந்த வெண்சதையை உறிஞ்சிவிட்டு, கசக்கும் விதையைத் துப்பும்வரை அது மரத்தில் காத்திருக்கிறது. ஊவாவின் செங்குரங்குகளும் மலையணில்களும் இந்த அமெரிக்க ஏற்பாட்டை யாரும் கற்றுத்தராமலே புரிந்துகொண்டதால்தான் கொக்கோ பயிரிடுவோருக்கு அவை தீராத தொல்லையாக உள்ளன.

விதையின் கசப்புக்குத் தியோபுரோமின் என்ற வேதிப்பொருளும் சிறிதளவு கஃபீனும் காரணம். மேற்காப்பிரிக்காவில் மென்று உண்ணப்படும், இதே குடும்பத்தைச் சேர்ந்த கோலா மரத்தின் விதையிலும் இவ்விரண்டும் இருப்பதால், இது குடும்பச் சொத்து என்று எண்ணத் தோன்றும். ஆனால் உறவே இல்லாத தேயிலையிலும் கோப்பியிலும் அதே கஃபீன் உள்ளது. 2014இல் வெளியிடப்பட்ட கோப்பி மரபணுத்தொகுதி ஆய்வு, கோப்பியில் கஃபீனை உருவாக்கும் நொதியங்கள் தேயிலையிலும் கொக்கோவிலும் உள்ளவற்றிலிருந்து தனித்துத் தோன்றியவை என்று காட்டியது. ஊவா மலையில் அடுத்தடுத்து நடப்பட்ட மூன்று பயிர்களும் ஒரே பொருளை வெவ்வேறு வழிகளில் கண்டடைந்தவை; அவற்றை ஒன்றாகச் சேர்த்தது மனிதரின் நாக்கு.

பூவும் பூச்சியும் நிழலும்

கொக்கோவின் பூ ஒரு சதம நாணயத்தைவிடச் சிறியது. ஐந்து அல்லிகளின் அடிப்பகுதி சிறு பைகளாக வளைந்து, மகரந்தம் தாங்கும் ஐந்து தாள்களின் முனைகளை மூடிக்கொள்கிறது. அவற்றுக்கு இடையே மகரந்தமற்ற ஐந்து மலட்டுத் தாள்கள் செங்கருமை நிறத்தில் வேலிபோல் நின்று சூல்முடியைச் சூழ்கின்றன. தேனீக்கு இந்த வாசல் மிகக் குறுகலானது. காற்றால் எடுத்துச் செல்ல முடியாதபடி மகரந்தம் ஒட்டும் தன்மை உடையது. செரட்டோபோகோனிடே குடும்பத்தைச் சேர்ந்த, கொசுவைவிடச் சிறிய ஈ வகைப் பூச்சிகளே பெரும்பாலும் உள்ளே புகுந்து மகரந்தத்தைக் கடத்துகின்றன. விடியும் வேளையில் விரியும் பூவுக்கு மகரந்தம் கிட்டாவிடில் அது ஏறத்தாழ ஒரு நாளில் உதிர்ந்துவிடும். பல மரங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை என்பதால், அருகே வேறு மரபு கொண்ட இன்னொரு மரமும் வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கில் பூத்தும் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பூக்களே காயாகின்றன.

அந்தப் பூச்சிகளின் புழுக்கள் அழுகும் இலைச் சருகிலும், வெட்டிப் போட்ட வாழைத்தண்டிலும், உடைத்தெறிந்த கொக்கோ ஓட்டிலும் வளர்கின்றன. ஆகவே கொக்கோ காய்க்க வேண்டுமானால் அதன் அடியில் ஈரமான குப்பை இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் ஒழுங்கு நிரை பிசகாத செடிகளிலும் களையெடுத்துத் துப்புரவாக்கிய தரையிலும் காணப்படுவது. கொக்கோவின் ஒழுங்கு தரைக்குக் கீழும் தலைக்கு மேலும் பரவிய கலப்பில் இருக்கிறது. ஒரு மரத்தின் விளைச்சல் அதன் அடியில் அழுகும் சருகையும் அதன் மேல் கிடக்கும் நிழலையும் சார்ந்திருப்பதே இப்பயிரின் அடிப்படை விதி எனலாம்.

நிழல் பற்றிய வழக்கு அத்தனை எளிதன்று. கொக்கோ இலை முழு வெயிலின் நான்கில் ஒரு பங்களவு ஒளியிலேயே தன் உணவாக்க ஆற்றலின் எல்லையை நெருங்கிவிடும். இருந்தும், கானாவின் டாஃபோ ஆய்வு நிலையத்தில் 1950களின் இறுதியில் தொடங்கிய நீண்ட சோதனையில், நிழலை நீக்கி உரமிட்ட மரங்கள் முதலில் மிகுதியாகக் காய்த்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மரங்கள் தளர்ந்து விளைச்சல் சரிந்தது. நிழல் உடனடி விளைச்சலைக் குறைத்தாலும் மரத்தின் ஆயுளை நீட்டிக்கிறது. பணத்தை விரைவில் திருப்பிக் கேட்கும் கம்பனிக்கும், பேரப்பிள்ளை காலம்வரை மரம் நிற்க வேண்டும் என்று எண்ணும் வீட்டுக்காரருக்கும் இதே முடிவு இரு வேறு பாடங்களைச் சொல்லும்.

கோப்பிக்காலத்தின் மிச்சம்

இலங்கையில் கொக்கோ பரவிய கதை, கோப்பி அழிந்த கதையின் தொடர்ச்சியாகும். 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்த நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட அப்பங்கசு, இரு பதின்ம ஆண்டுகளுக்குள் தீவின் கோப்பித் தொழிலை வீழ்த்தியது. மலைகளை நோயின் பசிக்கு ஒரே விருந்தாக விரித்து வைத்தது, ஒரே இனச் செடியை எல்லையின்றி நட்ட பெருந்தோட்ட முறையே. தோட்டத்துரைமார் மாற்றுப் பயிர் தேடி சிங்கோனாவையும் தேயிலையையும் கொக்கோவையும் நட்டுப் பார்த்தனர். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியல் பூங்கா நாற்றுகளைப் பகிரும் மையமாக விளங்கியது. உலர்த்தினால் இறக்கும் விதையைக் கொண்ட ஒரு பயிரால், 1830களில் புழக்கத்துக்கு வந்த மூடிய கண்ணாடிப் பெட்டிகள் உயிருள்ள செடிகளைக் கடல் கடத்த உதவிய காலத்தில்தான் இவ்வளவு எளிதாகப் பயணிக்க முடிந்தது.

தமிழகத்தில் இதற்கு முன்னரே ஒரு முயற்சி நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பனி 1798இல் குற்றாலத்தில் கொக்கோவை நட்டது. அது பெருந்தொழிலாக வேரூன்றவில்லை. 1960களின் நடுப்பகுதியில் வயநாட்டில் மீண்டும் தொடங்கப்பட்ட முயற்சியே பின்னாளில் கேரளத்திலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் தென்னைக்கும் கமுகுக்கும் ஊடுபயிராகப் பரவியது. தனித்து நின்று தோற்ற மரம், வேறொரு மரத்தின் அடியில் வென்றது என்பதே அங்கும் காணப்படும் வரலாறு.

இலங்கையில் கொக்கோ சிறப்பாக வேரூன்றிய இடங்கள் மாத்தளையும் தும்பறைப் பள்ளத்தாக்கும் ஆகும். முதலில் நடப்பட்டது கிரியோலோ வகை. அது மென்மையான மணத்துக்காகப் போற்றப்பட்டு, பழைய சிலோன் சிவப்பு என்ற பெயரில் இலண்டன் சந்தையில் மதிப்புப் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அடிமரத்தின் பட்டையை அழுக வைக்கும் புற்றுநோய் பரவி, அவ்வகையைக் கடுமையாகத் தாக்கியது. உறுதி மிக்க ஃபொரஸ்டெரோ வகையும், இரண்டும் கலந்து ட்ரினிடாட்டில் உருவான ட்ரினிடாரியோ வகையும் அதன் இடத்தைப் பிடித்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் விலை ஏறியபோது பல கொக்கோ நிலங்கள் இறப்பருக்கு மாறின. கொக்கோவின் பட்டையையும் காயையும் அழுக வைக்கும் ஃபைட்டோஃப்தோரா பல்மிவோரா என்னும் நுண்ணுயிர் இறப்பரையும் தூரியனையும் தாக்கக்கூடியது. உறவற்ற மரத்தை அருகில் நட்டாலும் நோய்க்கு வழி அடைபட்டுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று.

கச்சானும் சரிவும்

கொக்கோ ஏறத்தாழ 600 மீட்டருக்குக் கீழுள்ள, மழை பரவலாகப் பெய்யும் நிலங்களுக்கே இலங்கையில் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே கொஸ்லந்தவுக்கு மேலே தேயிலை வளரும் குளிர்ந்த உயரங்கள் அதற்கு எட்டாதவை. கீழ்ச்சரிவுகளும் வெல்லவாய, மொனராகலைப் பக்கத்து ஈரமான பள்ளங்களுமே அதன் இடம். அங்கும் அதற்கு ஓர் எதிரி உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டிச் சூடான உலர்காற்றாக ஊவாவில் இறங்குகிறது. கிழக்கிலங்கைத் தமிழர் இக்காற்றைக் கச்சான் என்பர். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இந்த வறட்சியே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. அகன்ற, மெல்லிய இலையைக் கொண்ட கொக்கோவுக்கோ அதே காற்று இலையைக் கிழித்து உதிர்க்கும் பகை. ஒரே காற்று ஒரு பயிருக்குப் பெயரையும் இன்னொன்றுக்கு எல்லையையும் வகுத்துள்ளது.

அந்தக் காற்றைத் தடுக்க வல்லது தோட்ட மக்கள் ‘நாட்டுப் பக்கம்’ என்று குறிப்பிடும் சிங்களக் கிராமங்களின் வீட்டுத்தோட்டமே. மேலே பலாவும் தென்னையும், நடுவே கமுகும் அதில் ஏறிய மிளகும், கீழே கோப்பியும் வாழையும் அடுக்கடுக்காக நிற்கும் அந்த அமைப்பு, யாரும் திட்டமிடாமலே மேல் அமேசன் காட்டின் நிழலையும் ஈரக்குப்பையையும் கொக்கோவுக்கு மீட்டுத் தந்தது. வேலியில் நடும் சீமைக்கிளுவையும் முள்முருங்கையும் நிழலோடு தழையுரமும் தருகின்றன. 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கென உருவாக்கப்பட்ட அரச திணைக்களம் கொக்கோவையும் மிளகு, ஏலம் ஆகியவற்றோடு சேர்த்துக் கவனிப்பது, இப்பயிர் சிறுகாணி உடையோரின் பயிராகிவிட்டதன் நிர்வாக ஒப்புதலாகும்.

உறவு தரும் ஆபத்து

உறவினங்களைக் கண்டறிவது வகைப்பாட்டு ஆர்வத்தோடு முடிவதில்லை. 1936இல் கானாவில் கொக்கோக் கிளைகள் வீங்கி மரங்கள் பட்டுப்போகும் நோய் கண்டறியப்பட்டது. மாவுப்பூச்சிகள் பரப்பும் அந்த வைரசு அமெரிக்காவிலிருந்து கொக்கோவோடு வந்ததன்று. இலவு, பெருக்கமரம், கோலா முதலிய ஆப்பிரிக்க உறவினங்களில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்து, புதிதாக வந்த உறவினனிடம் தாவியது. பழகிய மரங்களில் பெரிதும் அடங்கியிருந்த நோய் பழகாத மரத்தைக் கொன்றது. இதே வகையைச் சேர்ந்த ஒரு வைரசு இலங்கைக் கொக்கோ மரங்களிலிருந்தும் விவரிக்கப்பட்டு, இந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. கொக்கோவை ஊக்குவிக்கும் எவரும் அதன் அருகில் எந்த உறவு மரம் நிழலாக நிற்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மறுபுறம், மேல் அமேசனின் காட்டுக் கொக்கோ வகைகளும் அதன் நெருங்கிய உறவினங்களும் நோயெதிர்ப்புப் பண்புகளைத் தேடும் ஆய்வாளருக்குக் களஞ்சியமாக உள்ளன. கோட் டிவார், கானா ஆகிய இரண்டு நாடுகளே உலக விளைச்சலில் பாதிக்கு மேல் தருகின்றன. அங்கு நோயும் பருவப் பிழையும் சேர்ந்தபோது, 2024 இறுதியில் கொக்கோவின் உலக விலை ஒரு தொன்னுக்கு 12,000 டொலரைத் தாண்டியது.

காணியும் மரமும்

விலை உயரும்போது சிறு ஏற்றுமதிப் பயிர்கள், தேயிலைத் தோட்டங்களின் மக்களான மலையகத் தமிழருக்கும் வழிகாட்டும் என்று கூறுவது எளிது. ஆனால் கொக்கோ நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்தே காய்க்கத் தொடங்கிப் பல பதின்ம ஆண்டுகள் பலன் தரும் மரம். தான் நிற்கும் மண் நாளையும் தன்னுடையது என்ற உறுதி உள்ளவரே அதை நடுவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே எஞ்சியோரும் குடியுரிமை பெற்ற மக்களுக்கு, லயன் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளைச் சுற்றிய மரக்கறிப் பாத்திக்கு மேல் எதுவும் நிலையானதாக இருந்ததில்லை. மூன்று மாதத்தில் பறிக்கும் போஞ்சியை அவர்கள் நட்டதும் முப்பது ஆண்டு நிற்கும் மரத்தை நடாததும் விருப்பத்தால் நேர்ந்தவையல்ல. தோட்டத்து நிலவுடைமையே அதைத் தீர்மானித்தது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளைப் புதைத்த பின்னர், தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை வலுப்பெற்றது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அதில் 550 சதுர அடி வீடு 51 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டால், மீதி 126. மூன்று மீட்டர் இடைவெளியில் ஒரு கொக்கோ மரத்துக்கு 9 சதுர மீட்டர் என்று கொண்டால், பாதைக்கும் முற்றத்துக்கும் ஒன்றும் விடாமல் நட்டாலே 14 மரங்கள்தாம் அடங்கும். நன்கு பேணிய மரம் ஆண்டுக்கு ஒரு கிலோ உலர் விதை தருவதாக வைத்துக்கொண்டாலும், மொத்தம் 14 கிலோ.

இந்தச் சிற்றளவில் இன்னொரு தடையும் உண்டு. பிரித்தெடுத்த ஈர விதையைக் குவித்து ஐந்து, ஆறு நாள் புளிக்க வைத்தால்தான் கொக்கோவின் மணத்துக்கு வித்திடும் பொருள்கள் உருவாகும். சதையிலுள்ள சர்க்கரையை முதலில் மதுவமும் பின்னர் அமிலம் ஆக்கும் பற்றீரியாக்களும் உண்ணும்போது, குவியலின் வெப்பம் 45 முதல் 50 பாகைவரை ஏறி விதையின் முளையைக் கொல்கிறது. ஒரு வீட்டில் ஒரு தடவை பறிக்கும் சில கிலோ விதை அந்த வெப்பத்தை எட்டாமலே ஆறிப்போகும். அப்போது அந்த வீட்டார், புளிக்காத விதையை இடைத்தரகர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

பூவுக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வேண்டும். பூச்சிக்குப் பக்கத்து வாழையின் அழுகிய தண்டு வேண்டும். இலைக்குப் பலாவின் நிழல் வேண்டும். விதைக்கு அண்டை வீட்டாரின் விதையோடு சேர்ந்த குவியல் வேண்டும். தனித்து எதையும் முடிக்க இயலாத இம்மரம் கொஸ்லந்தவின் கீழ்ச்சரிவுகளில் தழைப்பது, உறுதியுள்ள காணியும் அக்காணிகளுக்கு நடுவே அயலார் கூடி நடத்தும் ஒரு பொதுப் புளிப்புப் பெட்டியும் கிடைப்பதைப் பொறுத்தது.